சகலை சொன்ன ஊசி

உங்களில் பாதிப் பேர் என்னிடம் போனில் கேட்பது ஒரே கேள்விதான். "சார், ஒரு பழைய ஜூக்பாக்ஸ் வந்திருக்கு. எந்த கார்ட்ரிட்ஜ் போடலாம்?" ரெக்கார்டைப் படிக்கிற ஊசித் தலையைத்தான் கார்ட்ரிட்ஜ் என்கிறீர்கள். மாடல் நம்பர் சொல்வீர்கள், படம் அனுப்புவீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இணையத்தில் மூன்று பதில் பார்த்து வைத்துக்கொண்டு என்னைச் சோதித்தும் பார்ப்பீர்கள். தாராளமாகச் சோதியுங்கள். கடையை மூடிய பிறகு எனக்கும் பொழுது போக வேண்டுமே.

ஆனால் இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. தெரியாமல் செய்ததில்லை. எந்த ஊசி, எத்தனை கிராம் பாரம், ஊசியைத் தாங்குகிற எந்தக் கைக்கு எது ஒத்துவரும் என்று எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அதை இதுவரை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள்.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஐந்து வயது சின்னவன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஆள். அதைக் கவனியுங்கள், டைப் அடித்துக்கொண்டிருந்தான். எங்களுடையது மைக் செட் குடும்பம். அடி அண்ணாமலையில் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எங்கள் குழாய்தான் மரத்தில் ஏறும். நான் நடக்கப் பழகியதே ஆம்ப்ளிஃபையர் பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான். அப்படிப்பட்ட என் தொழிலுக்குள் இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக நுழைந்தான். ரெக்கார்டு பிளேயரைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவன், நாலு வருஷத்தில் பெங்களூரிலிருந்து ஆள் தேடி வருகிற அளவுக்குப் போய்விட்டான்.

வயிறு எரியுமா எரியாதா? சொல்லுங்கள்.

ஒரு பொங்கலுக்கு மாமியார் வீட்டில் ரேடியோ பாடவில்லை. நான் அரைமணி நேரம் குடைந்தேன். அவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவை இறுக்கினான். பாடியது. வீடே கைதட்டியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி, "அவரு கை வெச்சாலே போதும் போல"ன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கணக்கு சுத்தமாக இருக்கட்டும். பாண்டிச்சேரி ஓட்டல்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, "இங்க பிளேயர் ரிப்பேர் பண்றவரு ஒருத்தர், கலெக்டர் ஆபீஸ்ல வேல பண்றவரு, அவரு வீடு எங்க?" என்று என் கடை வாசலில் நின்று என்னிடமே கேட்டார். "அவரு ஊர்ல இல்லீங்களே"ன்னேன். சகலை எதிர் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தான்.

இந்த லட்சணத்தில்தான் நயினார் வீட்டு ஜூக்பாக்ஸ் வந்தது.

ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற ஜைனக் குடும்பம். ஊரில் அந்தப் பெரியவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மகள் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி, ஒரு காபிக் கடை நடத்துகிறார். கீழே கடை, மேலே மரப்பலகை போட்ட ஒரு மாடி. நீலகிரியில் மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து ஆளுயர ஜூக்பாக்ஸ் ஒன்றை வாங்கி அந்த மாடியில் நிறுத்தியிருந்தார். கண்ணாடிக்குள் நூறு சின்ன ரெக்கார்டு அடுக்கி வைக்கலாம். பட்டனை அழுத்தினால் அதுவே ஒன்றை எடுத்துச் சுழற்றி, ஊசியை இறக்கிப் பாடும்.

அந்தம்மா அதைக் கடைக்கு அழகுக்காக வாங்கவில்லை. அவருடைய அப்பா வாலிப வயதில் ஜினாலயத்தில், அதாவது அவர்கள் கோயிலில், பாடுகிறவர். மெட்ராஸில் யாரோ ஒரு சின்னக் கம்பெனிக்காரர் கூப்பிட்டு ஒரே ஒரு ரெக்கார்டு போட்டிருக்கிறார். அதற்கப்புறம் தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. அப்போது அந்தம்மாவுக்கு மூன்று வயது. அப்பா பாடியோ பேசியோ கேட்ட ஞாபகமே அவருக்கு இல்லை. வீட்டில் இருந்த ரெக்கார்டும் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்து இப்போது ஒன்று கிடைத்தது. வேறு பிரதி கிடையாது.

"நான் இன்னும் போட்டே பாக்கல சார். அப்பாவும் நானும் சேந்துதான் மொதல்ல கேக்கணும்னு வெச்சிருக்கேன்" என்றார். ரெக்கார்டைச் சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது. ஊசித் தலை மட்டும் செத்துப்போயிருந்தது, உள்ளே சுருள் அறுந்து. அதற்குப் பதில் என்ன போடுவது என்பதுதான் கேள்வி. நான் பார்க்கப் போனபோது சகலை அங்கே ஏற்கனவே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். ஆசிரமத்துக்கு வந்தவன் அப்படியே வந்தானாம். பெட்டியைத் திறந்து பார்த்தும் ஆயிற்று.

"அண்ணா, இதுக்கு முரட்டு ஊசிதான் சரி. டிஜே பசங்க ரெக்கார்ட கையால முன்னயும் பின்னயும் தள்ளி விளையாடுவானுங்களே, அந்தத் தல. வெலயும் கம்மி. நாலு கிராம் அஞ்சு கிராம் தாராளமா தாங்கும்."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூக்பாக்ஸின் கை மோட்டார் தூக்கி இறக்குகிற முரட்டுக் கை. ஊசியைப் பிடித்திருக்கும் ரப்பர் விறைப்பாக இருந்தால்தான் அந்தக் கைக்குக் கீழே அது பிழைக்கும். வீட்டில் பூ மாதிரி வைத்துக் கேட்கிற உயர்ரகத் தலைகள் இரண்டு கிராமுக்குச் செய்தவை. இங்கே போட்டால் ஒன்று துள்ளும், இல்லை படுத்துவிடும்.

எனக்கு இது தெரியும். அவன் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தெரியும். ஆனால் அவன் முதலில் சொல்லிவிட்டானே! அதுவும் அந்தம்மாவின் எதிரில். நான் வந்து "ஆமாம், சகலை சொல்றதுதான் சரி"ன்னு தலையாட்டணுமா? அதோடு, மட்டமான ஊசியை என் கையால் போடவைத்து என்னை மட்டம் தட்டப் பார்க்கிறான் என்று ஒரு சந்தேகம். என் மனசில் இருந்ததை அவன் மனசில் வைத்துப் பார்த்தேன்.

"அது கீறி வெளையாடற ஊசிம்மா. நயினாரு ஐயா கொரலுக்குப் போய் அதையா போடறது?" என்றேன்.

அந்தம்மாவின் முகம் மாறியது. சகலை காபியை வைத்துவிட்டு, "இல்லண்ணா, அது..." என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பேச விடவில்லை. சென்னையில் சொல்லி வைத்து ஜப்பானிலிருந்து ஒரு உயர்ரகத் தலையை வரவழைத்தேன், வைர முனை, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வந்தது. கையின் ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பாரத்தைக் குறைத்து மாட்டினேன். எங்கள் இருவரைத் தவிர ஆளில்லாத மாடியில் சினிமாப் பாட்டு போட்டுப் பார்த்தேன். என்னமாய்ப் பாடியது தெரியுமா! அந்தம்மா, "சார், பாடறவங்களே பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு நான் நடந்தா வீட்டுக்கு வந்தேன்? பறந்து வந்தேன்.

நயினார் வருகிற நாளைப் பௌர்ணமியில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பதால் நாலு மணிக்கே பாட்டு, ஐந்து மணிக்குச் சாப்பாடு என்று ஏற்பாடு. கிரிவலக் கூட்டம் அதற்குள் செங்கம் ரோட்டை அடைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் முப்பது பேர் எப்படியோ முன்னாலேயே வந்து மாடி ஏறிவிட்டார்கள். நயினார் வெள்ளை வேட்டியில் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

சரிபார்ப்போம் என்று ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டேன். ஊசி துள்ளியது. இரண்டு வரி பாடும், ஒரு வரி தாண்டும். முப்பது பேர் நடமாடினால் மரப்பலகை ஆடாமல் என்ன செய்யும்? ஆளில்லாமல் சோதித்துவிட்டுப் பறந்து வந்தவனுக்கு இது தோன்றவில்லை.

அந்தம்மா சகலையையும் கூப்பிட்டிருந்தார். அப்போது பக்கத்தில் ஒரு மெல்லிய குரல்.

"அண்ணா, நான் அந்தத் தலய எடுத்துக்கினு வந்திருக்கேன். பையில இருக்கு. பத்து நிமிஷம் வேல. யாருக்கும் தெரியாது, நீங்களே மாட்டிடுங்க."

யாருக்கும் தெரியாது என்று அவன் சொன்னது என் மானத்தைக் காப்பாற்ற. எனக்கு அது சுருக்கென்று குத்தியது. "உன்ன யாரு கூப்ட்டாங்க? உன் வேலயப் பாத்துக்கினு போ" என்றேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மைக் செட் புத்தி. கல்யாணப் பந்தலில் பிள்ளைகள் ஓடும்போது ரெக்கார்டு துள்ளினால் எங்கள் ஆட்கள் செய்கிற காரியம். ஒரு பழைய எட்டணா நாணயத்தை எடுத்து, ஊசித் தலைமேல் வைத்து டேப் போட்டு ஒட்டினேன். பந்தலில் பாடிய ரெக்கார்டுகள் கடையில் டஜன் கணக்கில் கிடைத்தவை, போனால் போகிறது. இங்கே இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு கிராமுக்குச் செய்த மெல்லிய ஊசிமேல் ஆறு கிராமை ஏற்றிவிட்டு மூடியைச் சாத்தினேன்.

துள்ளல் நின்றது. "ரெடிம்மா" என்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. ஆர்மோனியம், பிறகு குரல். நயினாரின் விரல்கள் தொடைமேல் தாளம் போட்டன. அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இரண்டாவது சரணம் ஓடும்போது அவருக்குப் போன் வந்தது. பெரியம்மா வந்த வேனைப் போலீஸ் தடுப்பில் நிறுத்திவிட்டார்களாம், வயதானவர், நடக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே ஓடினார். அவர் திரும்பி மாடி ஏறும்போது பாட்டு முடிந்து, ஊசிக் கை மேலே தூக்கிக்கொண்டது.

"கடைசிய கேக்கலியே சார். இன்னொரு தடவ போடுங்களேன்" என்றார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊசியின் நுனியில் மயிரிழை போலக் கறுப்பாக ஏதோ சுருண்டு தொங்கியது. அது தூசி இல்லை. ரெக்கார்டின் பள்ளத்திலிருந்து வழித்தெடுத்தது. தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ரப்பர் படுத்துவிட்டது. இன்னொரு முறை இறக்கினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும்.

சொல்லியிருக்கலாம். "ஒரு பத்து நிமிஷம் குடுங்கம்மா, ஊசிய மாத்தணும்"னு ஒரே ஒரு வார்த்தை. நிமிர்ந்து பார்த்தேன். சகலை எதிரே சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவனும் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டான். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

அவன் தலையசைக்காமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். அவன் சொல்லி நான் நிறுத்துவதா? பட்டனை அழுத்தினேன்.

முதல் சரணம் சரியாக வந்தது. இரண்டாவதில் ஒரு கரகரப்பு. கடைசிச் சரணத்தில் கர்ரென்று தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம், அதற்கடியில் குரல். நயினாரின் விரல்கள் தொடைமேல் நின்றுவிட்டன. நான் கல்லு மாதிரி நின்றேன். பட்டன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பட்டென்று பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்தது. சகலை சுவரோரம் குனிந்து, கையில் பிளக்கோடு நிமிர்ந்தான்.

"ஐயோ, கால் தடுக்கிடுச்சுங்க. மன்னிச்சிக்கோங்க."

"இன்னாய்யா, கண்ணு தெரியல? பெரியவரு பாட்டு கேக்கறாரு" என்று ஒருவர் கத்தினார். "யாரு இந்தாளு? எந்தூரு?" என்று இன்னொருவர். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

நானும் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்து நிக்கக் கூடாதா சகல?" என்றேன். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல சந்தோஷம்.

கூட்டத்தைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவன் பெட்டியைத் திறந்தான். எட்டணாவை உரித்து, யாரும் பார்க்காமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். என் ஜப்பான் தலையைக் கழற்றி அவனுடைய முரட்டுத் தலையை மாட்டினான். நான் டார்ச் பிடித்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை அவன். பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

இந்த முறை அந்தம்மாவும் நயினாரும் நாங்கள் இருவரும் மட்டும். பாட்டு ஓடியது. மாடியில் நடந்து பார்த்தோம், ஊசி அசையவில்லை. முதல் சரணம் அருமை. இரண்டாவது பரவாயில்லை. கடைசிச் சரணத்தில் குரலே இல்லை, வெறும் கரகரப்பு. முடிந்தது.

"பழைய ரெக்கார்டுதானே சார், உட்டுடுங்க. இவ்ளோ கெடச்சதே பெரிசு" என்று அந்தம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! பிறகு கேட்டார்.

"மொத தடவ முழுசா நல்லா வந்துச்சு இல்ல? நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டீங்களே சார். கடைசி அடிய அப்பா எப்டி முடிச்சாரு? சும்மா ராகமா சொல்லிக் காட்டுங்களேன்."

வாயைத் திறந்தேன். நயினாரும் என்னையே பார்த்தார்.

ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன், தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பாட்டு முழுக்க நான் சகலையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசந்து போகிறானா, தோற்றுப்போன மாதிரி இருக்கிறானா என்று. அவன் சட்டையில் மேலிருந்து எத்தனையாவது பொத்தான் போடாமல் இருந்தது என்று இப்போதும் சொல்லுவேன். நயினார் என்ன பாடினார் என்று கேட்டால் தெரியாது.

"அது... எறக்கி முடிச்சாரும்மா" என்றேன். அதற்குமேல் பொய் வரவில்லை.

சகலை ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பாடினான். அவனுக்கு நல்ல குரல் கிடையாது. ஆனாலும் பாடினான். மேலே போய், ஒரு இடத்தில் நின்று, மூச்சு வாங்குகிற அளவு காத்திருந்து, வந்த வழியில் இறங்காமல் வேறு வழியாக இறங்கி முடித்தான். நயினார் கையைத் தூக்கினார். ஒரு இடத்தில் இன்னும் கீழே என்று விரலால் காட்டினார். சகலை அதைத் திருத்தி மறுபடி பாடினான். நயினார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"இருங்கண்ணா, இருங்க, இன்னொரு தடவ" என்று அந்தம்மா போனை எடுத்துப் பதிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் போய் எட்டணாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அந்தம்மா மாடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்களா வந்து சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார். டீ கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்கு ஏதாவது என்றால் வேங்கிக்காலுக்குத்தான் போன் போகிறது. சகலை இன்றுவரை வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி அவனைத்தான் திட்டினாள், விசேஷ வீட்டில் போய்ப் பிளக்கைத் தட்டிவிட்டானே என்று.

தம்பிகளே, தங்கைகளே, ஊசி வாங்குவதற்கு முன்னால் கையின் எடையைப் பாருங்கள், தரையைப் பாருங்கள், ஆள் நடமாட்டம் இருக்கும்போது சோதியுங்கள். எவன் சொன்னான் என்று பார்க்காதீர்கள், என்ன சொன்னான் என்று பாருங்கள். ஒரு ரெக்கார்டுதான் இருக்கிறது என்றால் சந்தேகம் வந்த நொடியிலேயே நிறுத்துங்கள், உங்கள் மூக்கு உடைந்தாலும் சரி.

அந்தம்மாவின் போனில் அவருடைய அப்பா பாட்டின் கடைசி அடி என் சகலை குரலில்தான் இருக்கிறது. அப்பா குரலில் இருக்க வேண்டியது. அதை அழித்தது நான். அது தெரிந்தும், இதை எழுதுகிற இந்த நேரத்திலும், அந்தக் குரல் என்னுடையதாக இல்லையே என்றுதான் எனக்கு எரிகிறது.